சத்தம் நின்றால் உள்ளே போகலாம்

கேரிப் பையின் முடிச்சு அவிழ்வதாயில்லை. இசைவாணி அதைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கிழித்ததுதான் தாமதம், பிராந்தி நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் உடம்பிலிருந்து கழற்றிக் கொடுத்த துணிகள் அவை. ஒரு காக்கி டவுசர், மரத்தூள் அப்பிய துண்டு, நீலச் சட்டை. கொல்லைப்புறம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று சட்டையை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். தோள்பட்டையில் ரத்தம் கறுத்துக் கெட்டியாக இருந்தது. நெஞ்சுப் பக்கத்தில் அதே ரத்தம் வெளிறிக் கரைந்து, வயிறு வரைக்கும் வழிந்திருந்தது. நாற்றம் முழுக்க அந்த இடத்தில்தான்.

“தூ!” என்று சட்டையைக் கல்லின் மேல் எறிந்தாள். எச்சிலைக் கூட்டி வேலியோரம் துப்பினாள்.

அப்பா வீரய்யா குடித்துவிட்டுத்தான் போய், அறுந்து விழுகிற மரக்கொப்புக்கு அடியில் நின்றார் என்று நேற்று மத்தியானத்திலிருந்து வல்லத்திராக்கோட்டை முழுக்கப் பேச்சு. அவள் நம்பவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னாள். இப்போது அவள் மூக்கே அவளைப் பொய்க்காரியாக்கிவிட்டது. அவளுடைய மூத்த மகள் பிறந்த அன்று அப்பா ஆஸ்பத்திரி வராண்டாவில் தள்ளாடிக்கொண்டு வந்து, பேத்தியைக் கொடு என்று கை நீட்டினார். “இந்த நாத்தத்தோட எம்புள்ளயத் தொடாதீங்க” என்று பச்சைப் பிள்ளையை மார்போடு ஒட்டிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குக் குடியை விட்டவர்தான், எட்டு வருடமாகிறது. கை உதறி, வியர்த்து, ராத்திரியெல்லாம் தெருவில் நடந்து, வாந்தியெடுத்து, அப்படி விட்டார். பொங்கலென்றும் இல்லை, கறிவிருந்து என்றும் இல்லை. ஊரில் அவரைக் கேலி பண்ணாத ஆளில்லை. அந்த மனுஷன் சாகிற அன்றைக்கா போய் மறுபடியும் அந்தக் கண்றாவியைக் குடித்தார்? அழுகைக்குப் பதிலாக அவளுக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது.

பையை அப்படியே போட்டுவிட்டு, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள்.

வாசலில் சாமியானா போட்டிருந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து காலையில் வந்த உடல் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது. அம்மா மீனம்மாள் பெட்டியின் கண்ணாடியில் தலையை வைத்து, “பாழாப்போன குடியால பறிகுடுத்தேன் ராசாவே” என்று ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒப்பாரியிலும் குடிதான். அதைக் கேட்க இசைவாணிக்குக் காது கூசியது.

பந்தலின் மறுகோடியில் மரம் வெட்டுகிறவர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆலங்குடி, அறந்தாங்கி, கொடும்பாளூர்ப் பக்கமிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கஜா புயல் சாய்த்துப்போட்ட மரங்களை வருடக் கணக்கில் அறுத்துத் தொழிலில் நிலைத்தவர்கள். வீரய்யாவும், அவர் தம்பி சிவசாமியும், இசைவாணியின் புருஷன் ரெங்கராஜும் அப்படித்தான். சிவசாமி வேலை பிடித்து வருவார். ரெங்கராஜ் மரமேறி அறுப்பான். கீழே நின்று விழுகிற கொப்பை இழுத்து ஒதுக்குவது வீரய்யா. முன்பு மேலே ஏறியவரும் அவர்தான். மரமறுக்கிற பெட்ரோல் மெஷின் அதிர்ந்து அதிர்ந்து விரல்கள் வெளுத்து மரத்துப்போய், சட்டைப் பித்தானைக்கூட மீனம்மாள்தான் போட்டுவிட வேண்டும் என்று ஆனதும் கீழே இறங்கிவிட்டார்.

எல்லோர் கையிலும் டீ. பேச்சு சந்தைக்கடையாக இருந்தது.

“தொழில்காரனுக்கு பேட்டரி மெஷின் ஆகாதுய்யா. வீட்டு முருங்கைய கழிக்கிறவன் வச்சுக்கலாம்” என்றார் ஆலங்குடியிலிருந்து வந்திருந்த தொந்திக்காரர். “ஒரு வாக மரத்தோட அடியில வச்சுப் பாரு. நாலு இஞ்சு போறதுக்குள்ள மூச்சு வாங்கும்.”

“அடிமரத்துக்கு யாருண்ணே அத எடுக்கச் சொன்னது?” என்றான் பிராங்க்ளின். அறந்தாங்கியில் மெஷின் விற்கிறவன், ரிப்பேரும் பார்க்கிறவன். “அடிமரத்துக்கு பெட்ரோல் வச்சுக்கங்க. மேல கொப்புல ஒத்தக் கையால தொத்திக்கிட்டு கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அப்பத் தெரியும் சேதி. பேட்டரின்னா விரல வச்சா ஓடும், எடுத்தா நிக்கும். பொகை இல்ல, சத்தம் இல்ல. டவுன்ல எவன் வீட்டுலயும் கம்ப்ளெய்ண்ட் வராது.”

“அர மணி நேரத்துல சார்ஜ் எறங்கி பல்லக் காட்டுமே, அதையும் சேத்துச் சொல்லு.”

“மாத்து பேட்டரி எதுக்கு இருக்கு?”

“ஆமா, ஒவ்வொரு மரத்தடியிலயும் ஒனக்கு கரண்டுக்காரன் பிளக் போட்டு வச்சிருக்கான்!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் சிரித்த சிரிப்பில் டீ புரையேறி இருமினான். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு மனுஷன் பஞ்சு அடைத்த மூக்கோடு படுத்துக் கிடக்கிறான், இவர்கள் மெஷினுக்குப் பஞ்சாயத்து வைக்கிறார்கள். குடத்துத் தண்ணீரை அப்படியே இவர்கள் மூஞ்சியில் ஊற்றினால் என்ன என்றிருந்தது இசைவாணிக்கு. ஊற்றவில்லை. டிரம்மில் ஊற்றினாள்.

தொந்திக்காரர் விடுவதாக இல்லை. “அட, சார்ஜ கூட விடுய்யா. பெட்ரோல் மெஷின்ல கைய எடுத்தாலும் டுர்ருனு ஓடிக்கிட்டேதான் கெடக்கும். ஆப் பண்ணுனாத்தான் சத்தம் நிக்கும். கீழ நிக்கிறவனுக்கு அதுதான கணக்கு? சத்தம் இருந்தா தள்ளி நில்லு. சத்தம் நின்னா உள்ள போ, கொப்ப இழு. இத்தன வருசமா அப்படித்தான பண்றோம்? இந்தச் சனியன் பாதி அறுப்புல சார்ஜ் தீந்தாலும் கப்புசிப்புனு ஆயிருது. கீழ உள்ளவன் என்னான்னு நெனப்பான்?”

பிராங்க்ளின் பதில் சொல்ல வாயைத் திறந்தான். டிரம் பக்கத்தில் நின்ற இசைவாணியைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். பக்கத்திலிருந்தவன் தொந்திக்காரரின் தொடையைக் கிள்ளினான். கூட்டம் முழுக்கத் தலையைக் குனிந்து டீயைக் குடித்தது.

அவள் காலிக் குடத்தோடு நின்றாள். இவர்களுக்கு என்னமோ தெரிந்திருக்கிறது என்று பட்டது.

அப்பாவுக்குக் காது கேட்காது. வீட்டில் அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட வேண்டும். பெட்ரோல் மெஷின் வாங்கிக்கொண்டது அந்தக் காதை. ஆனால் அந்த மெஷினின் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும், இரண்டு தெரு தள்ளி ஓடினால்கூடத் தலையைத் தூக்குவார். அந்த ஒரு சத்தத்தை வைத்துத்தான் கீழே நின்று வேலை பார்த்தார். போன வாரம்தான் ரெங்கராஜ் பேட்டரி மெஷின் வாங்கி வந்தான். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஓடுதா, ஓடலையா?” என்று அப்பா கேட்டார். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள். கல்லின் மேல் கிடந்த சட்டையை எடுத்து, இந்தத் தடவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். குடிக்கிறவன் சட்டையில் சிந்தினால் முதலில் பிராந்தி சிந்தியிருக்கும், பிறகு அதன்மேல் ரத்தம் பட்டிருக்கும். இங்கே ரத்தம் முதலில் வந்திருக்கிறது. அதற்கு மேல்தான் பிராந்தி விழுந்து ரத்தத்தைக் கரைத்து ஓடியிருக்கிறது. அடிபட்டுக் கிடந்த ஆள் எழுந்து உட்கார்ந்தா குடித்தார்?

 சற்று முன்னால் இந்தச் சட்டையைப் பார்த்துத் துப்பியதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ரெங்கராஜுக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். வீரய்யாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. முறைப்படி பங்காளி வீட்டில்தான் கொள்ளி வைக்க வேண்டும். ஆனால் சிவசாமி, “மகனுக்கு மகனா இருந்த மாப்பிள்ளதான் வைக்கணும்” என்று ஊர் கேட்கப் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். நாவிதர் மீசையையும் வழித்துவிட்டுக் கத்தியைக் கழுவக் குழாயடிக்குப் போனார். ரெங்கராஜ் முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். மீசையில்லாத அந்த முகம் அவளுக்கு யாரோ போலிருந்தது.

“அப்பா குடிச்சிருந்தாரா?”

அவன் நிமிரவில்லை.

“ஒங்களத்தான் கேக்குறேன்.”

“அதான் சித்தப்பா சொன்னாருல்ல…”

“அவரு சொன்னத ஊரே சொல்லுது. நீங்க சொல்லுங்க.”

தொடையில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். “பெரிய கொப்பு. நேத்து வேல பாத்த எடத்துல மண்டபத்து ஓட்டு மேல சாஞ்சு கெடந்துச்சு. பாதிக்கு மேல அறுத்துட்டேன், சார்ஜ் தீந்துருச்சு. மாத்து பேட்டரி கீழ பையில கெடந்துச்சு. கொப்பு தொங்கிக்கிட்டு நிக்குது. அவருக்கு இந்த மெஷினு சத்தம் ஒண்ணும் கேக்கல, வேல முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு உள்ள வந்துட்டாரு. ‘மாமா, வராதீங்க, வராதீங்க’ன்னு கத்துனேன். குனிஞ்சு தழைய ஒதுக்குறாரு. கையில இருந்த மெஷின விட்டெறிஞ்சாவது திரும்பிப் பாக்க வச்சிருக்கலாம். தோணலை.”

“சட்டையில ஊத்துனது யாரு?”

அவன் அடுத்த முடியை எடுத்துப் போட்டான்.

“யாரு ஊத்துனது?”

“சித்தப்பாதான். வண்டியில வச்சிருந்த குவாட்டர எடுத்தாந்தாரு. எம்மேல கேஸ் வந்துரும், புது மெஷினு, காது கேக்காத ஆள கீழ நிக்க வச்சேன்னு என்னைய உள்ள தூக்கி வச்சிருவாய்ங்கன்னாரு. வாயிலயும் கொஞ்சம் ஊத்துனாரு.” நிறுத்தினான். “நான்தான் தலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டேன்.”

இசைவாணி அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“அப்ப உசிரு இருந்துச்சா?”

 “தெரியல” என்றான் ரெங்கராஜ்.

தெரியவில்லையாம். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லை, ஊற்ற நேரமிருந்திருக்கிறது.  இந்தக் கைதானே காலையில் அவள் தோளைப் பிடித்து, அழாதே என்று தேற்றியது. தோளைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பார்க்கட்டும் என்றுதான் துடைத்தாள்.

அதற்குள் முன்வாசலில் பறை கொட்டத் தொடங்கிவிட்டது. நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் புறப்பட வேண்டும் என்று யாரோ வந்து ரெங்கராஜைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாவிதர் திரும்பி வந்து கீழே கிடந்த முடியைக் கூட்டினார்.

நீர்மாலை வந்தது. பெட்டியைத் திறந்து உடலை வெளியே எடுத்துப் பாடையில் வைத்தார்கள். கோடித்துணி போர்த்தினார்கள். பெண்கள் வரிசையாகச் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். இசைவாணியின் முறை வந்தபோது அரிசி அள்ளிய கையோடு குனிந்தாள். அப்பாவின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. உதட்டோரம் பஞ்சு நனைந்திருந்தது. இந்த வாயில்தான் ஊற்றியிருக்கிறார்கள். எட்டு வருடம் இறுக்கி மூடிக்கொண்டிருந்த வாய். அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

பாடையைத் தூக்குவதற்கு முன்னால் செத்தவருக்குப் பிடித்ததைப் பக்கத்தில் வைத்து அனுப்புவது அவர்கள் பக்கத்து வழக்கம். வெற்றிலை போடுகிறவருக்கு வெற்றிலை, பொடி போடுகிறவருக்குப் பொடிமட்டை. அம்மா, அப்பாவுக்குப் பிடித்த பொரிகடலையை ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவசாமி வந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனுஷன். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்து எல்லோருக்கும் தெரிகிறாற்போல உயர்த்திக் காட்டினார்.

“எங்கண்ணன் ஆசப்பட்டது. குடிச்சாலும் ராசா மாதிரி குடிச்ச மனுசன்யா! போறப்ப வெறுங்கையோட போவக் கூடாது.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டிலைக் கோடித்துணிக்கு அடியில், அப்பாவின் இடது கைப் பக்கம் செருகினார். கூட்டத்தில் ஒருத்தி, “என்ன இருந்து என்ன, நாய் வால நிமித்த முடியுமா?” என்று பெருமூச்சு விட்டாள்.

இசைவாணி போய் அந்தப் பாட்டிலை உருவினாள்.

“ஏத்தா, வைய்யி. சாங்கியத்துக்கு வச்சது” என்றார் சிவசாமி.

“இதுவும் வண்டியில வச்சிருந்ததா சித்தப்பா? இல்ல, அவரு மேல ஊத்துனது போக மிச்சமா?”

பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். சிவசாமியின் கண் ஒரு சுற்று கூட்டத்தை அளந்தது. அவள் முழங்கையைப் பிடித்துக் காதருகே குனிந்தார்.

“கூறுகெட்டவளே, யாருக்காகடி பண்ணுனேன்? ஒந்தாலி நிக்கணும்னுதான. குடிச்சுட்டுப் போயி நின்னாருன்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தாச்சு. நீ இப்ப வாயத் தொறந்தா ஒம்புருசன் உள்ள போவான். பேசாம இரு.”

“கைய எடுங்க.”

“இந்தா பாருத்தா…”

“எம்மேல இருந்து கைய எடுங்கங்குறேன்!”

மீனம்மாள் ஓடி வந்து மகளின் புடவையைப் பற்றினாள். “விடுடி, விட்டுரு. ஒன் காலுல விழுறேன்.” குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு நேத்தே தெரியும். சொல்லிட்டாங்க. போனவரு போயிட்டாரு. இருக்குறவன உள்ள தள்ளிட்டு ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு என்னடி செய்வ?”

இசைவாணி அம்மாவைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கண்ணாடியில் தலையை முட்டி, குடியால பறிகுடுத்தேன் என்று பாடியிருக்கிறாள். அம்மா மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பக்கத்தில் நிற்க அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, அம்மா கேட்ட கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்பது. அவன் உள்ளே போனால் உலை எப்படி வைப்பாள்? பெரியவள் பள்ளிக்கூடத்துக்கு என்ன வழி? ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பாட்டிலைத் திரும்ப வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மூடியைத் திருகிப் பாட்டிலைக் கவிழ்த்தாள். பிராந்தி பந்தல் மண்ணில் கொட்டி நுரைத்தது.

“எங்கப்பா குடிக்கல” என்றாள். கத்தவில்லை. ஆனால் தெருக்கோடி வரை கேட்டது. “எட்டு வருசமா தொடல. நேத்தும் தொடல. மெஷின்ல சார்ஜ் தீந்து நின்னுருச்சு. அவருக்குச் சத்தம் கேக்கல. வேல முடிஞ்சிருச்சுன்னு உள்ள போனாரு. கொப்பு விழுந்துருச்சு. கீழ கெடந்தவரு மேல இவங்க பிராந்திய ஊத்துனாங்க. குடிகாரன்னு பேரு வச்சு இவர அனுப்ப நான் விடமாட்டேன்.”

 அத்தனை பேரும் ரெங்கராஜைப் பார்த்தார்கள். ஈர வேட்டியும் மொட்டைத் தலையுமாக, கொள்ளிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். சட்டியிலிருந்து புகை அவன் முகத்துக்கு நேராக வந்தது. அவன் ஒதுங்கவில்லை.

“எம்பொண்டாட்டி சொல்றது நெசம்” என்றான். “மாமா குடிக்கல. நான்தான் மேல இருந்தேன்.”

சிவசாமி தலையில் அடித்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியேறினார்.  யாராவது ஒருவர் ஐயோ வீரய்யா என்று சொல்வார்கள் என்று இசைவாணி காத்திருந்தாள். நாக்கை வளைத்துப் பேசினவர்களில் ஒருத்தியாவது தன் வாயில் அடித்துக்கொள்வாள் என்று பார்த்தாள்.

பந்தலின் மறுகோடியிலிருந்து தொந்திக்காரரின் குரல்தான் வந்தது.

“பாத்தியா பிராங்க்ளின்? நான் என்ன சொன்னேன்?”

ரகசியம் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. பிராங்க்ளின் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். “அது மெஷினோட தப்பு இல்லண்ணே, சொல்லிக் குடுக்காத தப்பு” என்று முணுமுணுத்தான். அவ்வளவுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள் ஆடத் தொடங்கின. பெட்ரோல் கட்சியா பேட்டரிக் கட்சியா என்று அவரவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அப்பா எட்டு வருடம் காத்த நாக்கைப் பற்றி யாருக்கும் ஒன்றும் இல்லை. இசைவாணி வெறும் பாட்டிலைப் பார்த்தாள். இதைக் கொண்டு அந்தத் தொந்தியில் ஒரு போடு போட்டால் தேவலை என்றிருந்தது. அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

ரெங்கராஜ் கொள்ளிச்சட்டியைத் தூக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கவா வேண்டாமா என்று கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.  பாடைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றிருந்தவள் இரண்டு எட்டு விலகி வழிவிட்டாள். அவன் குனிந்து சட்டியைத் தூக்கிக்கொண்டான். பறை மறுபடியும் கொட்டியது. பாடை தெரு முனையில் திரும்புகிறவரை பெண்கள் மாரடித்துக்கொண்டே பின்னால் போய்த் திரும்பினார்கள்.

பிறகு வீடு கழுவுகிற வேலை. வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார்கள். மீனம்மாள் மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.  விளக்கேற்றி வைத்தார்கள். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் கால் நனைத்துவிட்டு விளக்கைப் பார்த்துப் போவதற்காக, வாசலில் ஒரு பித்தளை அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து, மேலே சொம்பைக் கவிழ்த்து வைத்தாள் இசைவாணி.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஆண்கள் வந்தார்கள். குளத்தில் முங்கிய ஈரத்தலையோடு ஒவ்வொருவராகக் காலில் ஊற்றிக்கொண்டு, நிலைக்கு வெளியே நின்று விளக்கை எட்டிப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது முறை. இன்றைக்கு அது அவர்களுக்கு வசதியாக இருந்தது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிவசாமி வரவேயில்லை.

ரெங்கராஜும் வரவில்லை.

கடைசியாக வந்தவன் பிராங்க்ளின். காலை நனைத்துவிட்டு, போகாமல் நின்றான். சட்டைப் பையிலிருந்து ரெங்கராஜின் செல்போனையும், இடுப்புச் சாவிக்கொத்தையும் எடுத்து வாசற்படியில் வைத்தான்.

“ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு தங்கச்சி.”

“அவரு எங்க?”

“கொள்ளி வச்சதும் திரும்பிப் பாக்காம நடந்தாரு. வீட்டுக்குத்தான் வாராருன்னு நெனச்சோம். மெயின் ரோட்டுக்குப் போயி பஸ்ஸ கைகாட்டி ஏறிட்டாரு.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஸ்டேசனுக்குப் போறேன்னாரு. எழுதிக் குடுத்தத மாத்தி எழுதணுமாம். சிவசாமி அண்ணன் டி.வி.எஸ்ஸ எடுத்துக்கிட்டு பின்னாலயே போயிருக்காரு, மறிச்சுக் கூட்டியாரேன்னு.”

அவள் போனையும் சாவியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிராங்க்ளின் தெருவில் இறங்கிப் போனான்.

பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது. சின்னது எதற்கோ அடம்பிடித்து அழுதது. பெரியவள் அதட்டினாள். பந்தல்காரன் வந்து சாமியானாவை அவிழ்த்து, நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வண்டியில் ஏற்றினான்.

மீனம்மாள் எழுந்து வெளியே வந்தாள். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு ஆள் கால் கழுவுகிற அளவுக்குத் தண்ணீர் கிடந்தது.

“எல்லாரும் வந்துட்டுப் போயாச்சு. கவுத்துட்டு உள்ள எடுத்துட்டு வா” என்றாள்.

“இருக்கட்டும்” என்றாள் இசைவாணி.